ஸ்ட்ரோக்கர் இன்ஜின், கையைக் கடிக்காமல்: கேள்வி பதில்

கேள்வி: சிலிண்டரை போர் போட்டு (உள்ளே கடைந்து அகலமாக்கி) விட்டாலே சிசி, அதாவது இன்ஜினின் கொள்ளளவு கூடுமே, ஸ்ட்ரோக்கருக்கு கிராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஏன் மாற்ற வேண்டும்?

கூடும், ஆனால் கொஞ்சம்தான். கிராங்க்கை மாற்றி ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தைக் கூட்டியதுதான் ஸ்ட்ரோக்கர் இன்ஜின். செவர்லேயின் எட்டு சிலிண்டர் 350 கன அங்குல இன்ஜினைப் பாருங்கள். போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48. போரை 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கினால் 355 கன அங்குலம். அதோடு 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கும் போட்டால் 383. அந்த வித்தியாசத்தையும் போரிலேயே எடுக்கப் பார்த்தால் சிலிண்டர் சுவர் தாங்காது.

கேள்வி: 3.75 ஸ்ட்ரோக் உள்ள பழைய செவர்லே 400 இன்ஜினின் கிராங்க் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கும்போது மலிவுதான். அதன் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் உட்காரும் பகுதி) 2.65 அங்குலம், 350 பிளாக்குக்கு 2.45 வேண்டும். அரைக்கக் கூலி, விரிசல் பார்க்கக் கூலி. வெளி பாலன்ஸ் கிராங்க் (சமநிலை எடையில் ஒரு பங்கு வெளியே, முன்னால் உள்ள டேம்பரிலும் பின்னால் உள்ள ஃபிளைவீலிலும் இருக்கும்) என்பதால் அதற்கேற்ற டேம்பர், ஃபிளைவீல் வேறு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிவிட்டு வார்ப்பு கிராங்க், ராடு, பிஸ்டன் எல்லாம் சேர்ந்து வரும் ஒரு கிட்டின் விலையைப் பாருங்கள். பெரும்பாலும் கிட்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. டர்போ, நைட்ரஸ் எண்ணம் இல்லாத தெரு வண்டிக்கு ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்க் வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை ஹோனிங்குக்கும் (சிலிண்டர் சுவரை நுணுக்கமாகத் தேய்த்துச் சீராக்குவது) பாலன்ஸிங்குக்கும் கொடுங்கள்.

கேள்வி: கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைப்பது) பிளாக்கில் இடிக்கும் என்கிறார்களே?

இடிக்கும். ஆயில் பேன் உட்காரும் ஓரம் ஒன்று, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இன்னொன்று. டைமிங் செயினை மாட்டி, ரிங் போடாத பிஸ்டனோடு ராடைக் கோத்து, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கேம் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால் இரண்டு முழுச் சுற்று. எங்கேயும் 60 தௌ, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்தத் தடிமனில் ஒரு கம்பித் துண்டை நுழைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் முதல் தடவை ஒரு சிலிண்டரை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை நம்பிவிட்டேன். எல்லாம் பூட்டி முடித்துக் கையால் சுற்றினால் 'டக்'. ஒரு ராடு போல்ட்டின் தலை கேமைத் தொட்டிருந்தது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு செட் கேஸ்கெட்டும் போச்சு. எட்டு சிலிண்டரையும் பாருங்கள். அப்புறம், தேய்க்க வேண்டியதை பிளாக்கைக் கழுவுவதற்கு முன்பே தேய்த்துவிடுங்கள். இரும்புத் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங் காலி.

கேள்வி: பழைய பிஸ்டனையே போடலாமா?

முடியாது. ஸ்ட்ரோக் 0.27 அங்குலம் கூடினால் அதில் பாதி மேலே போகும். பழைய ராடோடு பழைய பிஸ்டன் 0.135 அங்குலம் கூடுதலாக ஏறி, சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ராடை மாட்டும் பின்னுக்கான துளை மேலே உள்ள பிஸ்டன்தான் வேண்டும். கம்பிரஷனையும் (சிலிண்டரில் உள்ள கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது) கணக்குப் போடுங்கள். 355-ல் ஒரு சிலிண்டர் 727 சிசி, 383-ல் 784. பிஸ்டன் உச்சிக்குப் போனபின் மேலே எஞ்சும் இடம் 81 சிசி என்றால் 10:1 இருந்தது 10.7:1 ஆகிவிடும். சாதாரண பெட்ரோலில் இன்ஜின் தட்டும் (கலவை தப்பாக வெடித்து 'டிக் டிக்' சத்தம் வரும்) என்றால் குழிவான பிஸ்டனாகப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஹெட் (வால்வுகளும் காற்று வழிகளும் உள்ள மேல்மூடி) போதுமா?

ஓடும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாகவே தெரியும். ஆனால் பெரிய இன்ஜினுக்கு அதே சின்ன மூக்கு, ஆர்பிஎம் மேலே போகப் போக மூச்சு வாங்கும். என்னைக் கேட்டால் கிராங்க்கில் மிச்சம் பிடித்தாவது ஹெட்டுக்குச் செலவழிப்பேன்.

கேள்வி: பழைய ராடு போல்ட்?

வேண்டாம். புது போல்ட் போட்டதும் ராடின் பெரிய கண்ணை (கிராங்க்கில் மாட்டும் வட்டத் துளை) அளக்கச் சொல்லுங்கள். வட்டம் மாறியிருந்தால் மறுபடி ஹோன் செய்ய வேண்டும்.