சாட்சி கேட்கப்படாத கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றில் பணிபுரிகிறேன். சில வாரங்களாகப் பறக்கும் தட்டுகள் பற்றிய காணொளிகளைப் பார்த்து வருகிறேன். வானத்தில் ஏதோ ஒளி தெரிந்தது என்று யாரோ சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த கார் நின்றுவிட்டது, ஹெட்லைட் அணைந்தது, தோல் வெந்தது, தலைமுடி கொட்டியது என்பவற்றையும் அப்படியே ஒதுக்கிவிட முடியுமா? மனிதன் பிரமையில் எதையும் பார்க்கலாம், எஞ்சினுக்குக் கற்பனை கிடையாதே. மின்காந்த விளைவுதான் காரணம் என்று அந்தக் காணொளிகள் சொல்வது அறிவியல்படி நிற்குமா என்று எழுத வேண்டுகிறேன்.

கே.

அன்புள்ள கே,

எஞ்சினுக்குக் கற்பனை கிடையாது என்பது நல்ல வாதம். இந்தத் துறையில் அக்கறையோடு உழைத்தவர்களும் அதனால்தான் இவ்வகை நிகழ்வுகளைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். அமெரிக்காவில் மார்க் ரோடகியர் என்பவர் 1981இல் வெளியிட்ட பட்டியலில், வாகனங்கள் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 441 நிகழ்வுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நம் கைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய எப்போதும் ஓட்டியவரின் வாக்குமூலமே. எஞ்சினை யாராவது விசாரித்தார்களா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. என் தயக்கம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

புகழ்பெற்ற நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பருத்தியும் எண்ணெய்க் கிணறுகளும் நிறைந்த சமவெளியில் லெவல்லேண்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1957 நவம்பர் 2ஆம் தேதி இரவு பதினொரு மணியளவில் அங்குள்ள காவல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஊருக்கு வெளியே சாலையில் ஒளிரும் பொருளொன்று தங்கள் வண்டியை நோக்கி வந்ததாகவும், அது நெருங்கியதும் எஞ்சினும் விளக்குகளும் நின்றுபோனதாகவும், அது அகன்ற பிறகு எல்லாம் பழையபடி இயங்கியதாகவும் பேசியவர் சொன்னார். பணியிலிருந்த காவலர் அதைக் குடிகாரன் பேச்சு என்று ஒதுக்கினார். ஆனால் விடிவதற்குள் சுமார் பதினைந்து அழைப்புகள் வந்துவிட்டன. ஊரைச் சுற்றிய வெவ்வேறு சாலைகளிலிருந்து, ஒருவரையொருவர் அறியாதவர்கள், சாலையிலோ அதன் அருகிலோ முட்டை வடிவில் ஒளிர்ந்த ஒன்றைப் பற்றி ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னார்கள். தேடிப் போன ஷெரிஃபும் தொலைவில் ஓர் ஒளியைக் கண்டதாகச் சொன்னார். (லைக்கா என்ற நாயைச் சுமந்துகொண்டு ஸ்புட்னிக்-2 விண்ணுக்குச் சென்றதும் அதே இரவில்தான். முதல் ஸ்புட்னிக் ஏவப்பட்ட அக்டோபர் 4ஆம் தேதியிலிருந்தே அமெரிக்கர்கள் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.)

பறக்கும் தட்டுகள் பற்றிய தகவல்களை விசாரித்துவந்த அமெரிக்க விமானப்படையின் ‘புளூ புக்’ திட்டம் இதற்கு ஒரே ஒரு புலனாய்வாளரை அனுப்பியது. அவர் அங்கே ஒரு பகல்கூட முழுமையாகச் செலவிடவில்லை. இடிமழை, கோள மின்னல் (பந்துபோல் மிதந்து ஒளிரும் அரிய மின்னல்), ஈரத்தால் பழுதான மின்சுற்றுகள் என்று கோப்பு மூடப்பட்டது. திட்டத்தின் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக் முதலில் இதை ஏற்றுக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, கோள மின்னல் கார்களை நிறுத்தும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லையே என்று தான் சற்றும் யோசிக்கவில்லை என வருந்தி எழுதினார். மழைக்காலத்தில் பழைய பெட்ரோல் கார் ஓட்டியவர்களுக்கு ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துணியால் துடைத்த அனுபவம் இருக்கும். ஈரம் எஞ்சினை நிறுத்தும் என்பது உண்மை, ஆனால் அது ஹெட்லைட்டை அணைக்காது. ஆகவே விமானப்படை தந்த விளக்கம் எனக்கு மூடநம்பிக்கையை விட அதிக மேன்மையுடையதாகத் தோன்றவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அக்காலக் காரில் எலெக்ட்ரானிக்ஸ் ஏதும் கிடையாது. பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தத்தை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. இதை வெளியிலிருந்து காந்தப் புலத்தால் கெடுக்க வேண்டுமானால், காயிலின் இரும்பு உள்ளகம் தெவிட்டும் அளவுக்கு, அதாவது அதற்கு மேல் காந்தமேற முடியாத அளவுக்கு, புலம் இருக்க வேண்டும். காந்தப் புலத்தை அளக்கும் காஸ் என்ற அலகில் அது சுமார் 20,000 காஸ். நாம் வாழும் புவியின் காந்தப் புலமோ ஏறக்குறைய அரை காஸ்தான். சரி, அப்படியொரு புலம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஹெட்லைட் ஏன் அணைய வேண்டும்? பேட்டரியிலிருந்து இழை வழியாக ஓடும் நேர்மின்னோட்டத்தை நிலையான காந்தப் புலம் நிறுத்தாது. மிக வலுவானதாக இருந்தால் இழையை இழுத்து அறுக்கலாம்; அறுந்த இழை, அந்தப் பொருள் பறந்துபோனதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளாது. நுண்ணலை (மைக்ரோவேவ்) என்று சொல்பவர்களும் உண்டு. வலுவான நுண்ணலைத் துடிப்பால் இன்றைய கார்களின் கணினிகளைக் குழப்பி நிறுத்த முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படியானால், தலை முதல் வால் வரை மின்னணுச் சில்லுகள் நிறைந்த இன்றைய கார்கள்தானே அதிகம் நின்றிருக்க வேண்டும்? பெயர்பெற்ற நிகழ்வுகள் பெரும்பாலும் 1950களிலிருந்து 1970கள் வரையிலானவையாக இருப்பது விந்தைதான்.

எளிய காரணங்களையும் எண்ணிப் பார்க்கிறேன். கண்ணைக் கூசவைக்கும் ஒளி எதிரே வந்தால், கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை அழுத்தும் ஓட்டுநரின் எஞ்சின் நின்றுபோகும். அந்த ஒளியின் முன் தன் ஹெட்லைட் எரிவது அவருக்குத் தெரியாமலும் போகலாம். ஒன்றிரண்டு பேருக்கு இது பொருந்தும், ஓர் இரவு முழுக்க வந்த அத்தனை அழைப்புகளுக்கும் பொருந்துமா என்றால் நான் தலையாட்ட மாட்டேன்.

வாக்குமூலத்தைத் தாண்டி காரையே விசாரிக்க ஒரு வழி இருந்தது. அதுதான் உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி வடிக்கும்போதே அதில் ஒரு காந்தப் பதிவு ஏறிவிடுகிறது. ஒரே மாதிரியைச் சேர்ந்த, ஒரே காலத்தில் செய்த கார்களில் இந்தப் பதிவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வலுத்த புலமொன்று அந்தக் காரைக் கடந்து போயிருந்தால் அந்தப் பதிவு மாறிப்போயிருக்கும். பறக்கும் தட்டுகள் குறித்து 1966இல் தொடங்கிய கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு, இயற்பியலாளர் எட்வர்ட் காண்டனின் தலைமையில், இந்த வழியைக் கையாண்டது. பறக்கும் பொருளால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட காரின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து, அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு காரோடு ஒப்பிட்டார்கள். வலுவான புலத்துக்கு ஆட்பட்ட அடையாளம் கிடைக்கவில்லை. 1969இல் வெளியான அந்த அறிக்கையின் பொதுவான அலட்சியத் தொனி எனக்கு உவப்பானதில்லை என்றாலும், இந்த ஒரு சோதனைக்காக நான் அதை மதிக்கிறேன். லெவல்லேண்டில் நின்ற வண்டிகளில் ஒன்றையாவது அடுத்த நாள் இப்படி அளந்திருந்தால், நாம் இப்போது ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உடல் விஷயம் இதைவிடக் கடினமானது. அங்கே வலி உண்மையானது. 1980 டிசம்பர் 29ஆம் தேதி இரவு, அதே டெக்சாஸில், டேட்டன் அருகே காட்டுச் சாலையில் இரு பெண்களும் ஏழு வயதுச் சிறுவனும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். மரங்களின் உயரத்தில் வைர வடிவப் பொருளொன்று தீயைக் கக்கியபடி நின்றதாகவும், காரின் உடல் தொட முடியாதபடி சுட்டதாகவும், பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் அதைச் சூழ்ந்து சென்றதாகவும் சொன்னார்கள். அன்றிரவே குமட்டல், வாந்தி, கண் எரிச்சல். காருக்கு வெளியே அதிக நேரம் நின்ற பெண்ணே மிகவும் பாதிக்கப்பட்டார். கொப்புளங்களோடு மருத்துவமனையில் சேர்ந்தார், முடி கொட்டியது. ராணுவ விசாரணையில் ஹெலிகாப்டர்கள் யாருடையவை என்று தெரியவில்லை. இரண்டு கோடி டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கு 1986இல் தள்ளுபடியானது.

காணொளிகள் இதை அணுக்கதிர்வீச்சு என்கின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 ஜூல் கதிர்வீச்சு ஆற்றல், அதாவது கதிர்வீச்சு அலகில் 10 கிரே, என்பது மனிதனைக் கொல்லும் அளவு. அந்த ஆற்றல் உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரியின் முந்நூறில் ஒரு பங்குகூட உயர்த்தாது. ஆகவே கார் சுட்டது என்றால் அது வேறொன்றின் வேலை. மேலும் கதிர்வீச்சால் அன்றிரவே வாந்தியும் தோல் கொப்புளமும் வரும் அளவு உள்ளே சென்றிருந்தால், சில வாரங்களில் உயிர் போயிருக்கும். அந்தப் பெண்மணியோ சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல் அதே தேதியில்தான் இறந்தார். கண் எரிச்சலுக்கும் தோல் சிவப்புக்கும் புற ஊதா ஒளி பொருந்தும். வெல்டிங் தீப்பொறியை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிவது உங்கள் ஆலையில் எல்லோரும் அறிந்ததே. காரின் முன்கண்ணாடி புற ஊதாவைப் பெருமளவு தடுக்கும் என்பதால், வெளியே நின்றவருக்கு அதிகம் பட்டதும் பொருந்துகிறது. முடி கொட்டியது பொருந்தவில்லை. அதற்குமுன் அவர்களின் உடல்நிலை எப்படி இருந்தது என்ற மருத்துவப் பதிவுகள் பொதுவெளியில் முழுமையாக வைக்கப்படாதவரை, நான் இதற்கு மேல் ஊகிக்க விரும்பவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

கனடாவின் மனிடோபாவில் ஃபால்கன் ஏரி அருகே 1967 மே 20 அன்று, தரையிறங்கிய பொருளின் வெப்பக் காற்றால் மார்பில் கட்டம் கட்டமாகத் தீக்காயம் பட்டதாக ஒருவர் சொன்ன நிகழ்வையும் இதே வரிசையில் வைக்கிறார்கள். காயம் இருந்தது, நிகழ்ந்த இடத்தை அவரால் முதலில் அதிகாரிகளுக்குக் காட்ட முடியவில்லை. 2018இல் கனடா நாட்டு நாணயச்சாலை இதற்காக இருளில் ஒளிரும் வெள்ளி நாணயம் ஒன்றையே வெளியிட்டுவிட்டது.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலை வளாகத்தில் ஒரே மாதிரி கார்கள் இரண்டு நிற்குமானால், சாதாரண காந்த ஊசியை எடுத்து இரண்டின் பானெட் மீதும் ஒரே இடங்களில் வைத்து, ஊசி திரும்பும் கோணங்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள். அரைமணி நேர வேலைதான். இரண்டு கார்களின் பதிவுகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று என் கண்ணால் பார்க்க விரும்புகிறேன்.