கான்ட்ராக்ட் நோட் சரி, லெட்ஜர் ஏன் குறைகிறது?

கேள்வி: பங்கு வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் கான்ட்ராக்ட் நோட் (ஒவ்வொரு நாள் வர்த்தகத்துக்கும் தரகர் அனுப்பும் விவரச் சீட்டு) பார்த்து எக்ஸெல்லில் எழுதி வருகிறேன். ஆனாலும் தரகரின் லெட்ஜர் (என் பெயரில் அவர் வைத்திருக்கும் வரவு செலவுக் கணக்கு) இருப்பு என் கணக்கைவிட 400 ரூபாய் குறைவு. இப்போது மைனஸில் வேறு நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: கான்ட்ராக்ட் நோட்டில் வராமல் நேராக லெட்ஜரில் பற்று வைக்கப்படும் கட்டணங்கள் உண்டு. அவைதான் விடுபட்டிருக்கும்.

50,000 ரூபாய்க்கு டெலிவரியில் (அன்றே விற்காமல் வைத்துக்கொள்ள) வாங்கினால் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 50 ரூபாய், முத்திரைக் கட்டணம் 7.50. சந்தைக் கட்டணம், செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) கட்டணம், அவற்றுக்கான ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தே சுமார் 2 ரூபாய்தான். இவையும் தரகுக் கூலியான புரோக்கரேஜும் நோட்டிலேயே கழிந்துவிடும். அதில் வராதவை டி.பி. கட்டணம் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறும்போது விழுவது), டீமேட் கணக்குக்கான ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், மைனஸ் இருப்புக்கான தாமத வட்டி.

டி.பி. கட்டணம் விற்கும்போது மட்டும்தான். ஒரு நிறுவனத்தின் பங்கை ஒரே நாளில் மூன்று தடவையாக விற்றாலும் ஒரு கட்டணம். பத்துப் பத்தாக மூன்று நாள் விற்றால் மூன்று. சில்லறையாக விற்பவர்களுக்கு இது புரோக்கரேஜையே மிஞ்சிவிடும்.

மைனஸுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: சும்மா கிடக்கும் பணத்தை, நீங்கள் தேர்ந்தபடி மாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை தரகர் உங்கள் வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது செபி விதி. அனுப்பியதும் லெட்ஜர் பூஜ்யம். பிறகு பராமரிப்புக் கட்டணம் விழும், இருப்பு மைனஸாகும், அதற்கு வட்டி ஓடும். தொகை சிறியதுதான், ஆனால் உடனே கட்டிவிடுங்கள்.

எக்ஸெல்லில் தரகரிடம் உள்ள ரொக்கத்துக்குத் தனி ஷீட் போடுங்கள். வங்கியிலிருந்து அனுப்பிய பணம் முதலீடு அல்ல, இடமாற்றம். பங்கு வாங்கிய பிறகே அது முதலீடு. மாதம் ஒருமுறை லெட்ஜரை இறக்கி, கான்ட்ராக்ட் நோட் தொகைகளை ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். வங்கி வரவு, திருப்பியனுப்பியது இரண்டையும் நீக்கினால் மிஞ்சும் பதிவுகள்தான் அந்த 400 ரூபாய். டிவிடெண்டை இங்கே தேடாதீர்கள், அது நேராக வங்கிக்கு வரும். விற்ற பணம் லெட்ஜரில் செட்டில்மென்ட் தேதியில், அதாவது மறு வேலை நாளில், பதிவாகியிருக்கலாம். மாதக் கடைசியில் விற்றிருந்தால் இதைக் கவனியுங்கள்.

எக்ஸெல்லில் எஸ்.டி.டி.க்குத் தனி நெடுவரிசை வையுங்கள். வருமான வரிக்காக மூலதன ஆதாயத்தை (பங்கு விற்ற லாபத்தை) கணக்கிடும்போது புரோக்கரேஜைக் கழிக்கலாம், எஸ்.டி.டி.யைக் கழிக்க முடியாது.

உங்களுக்கு ஒரே டீமேட் கணக்குதான், அதிலுள்ள மதிப்பு 4 லட்சத்துக்குள் என்றால் பி.எஸ்.டி.ஏ. (சிறு முதலீட்டாளர்களுக்கான அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு) வகைக்கு மாற்றித் தரும்படி தரகரிடம் கேளுங்கள். அதற்குப் பராமரிப்புக் கட்டணமே கிடையாது.