ஆஃபர் லெட்டரில் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள்

கேள்வி: என் தம்பி எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து மூன்று ஆண்டுகளாக ஒயரிங் வேலை செய்கிறான். துபாயில் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தச் சம்பளம் 1,600 திர்ஹாம், அதில் அடிப்படைச் சம்பளம் 900. முதலில் விசிட் விசாவில் போய், பிறகு அங்கேயே கம்பெனி விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். 90,000 ரூபாய் கேட்கிறார். என் நகையை அடகு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் விசா செலவைத் திருப்பித் தர வேண்டும், பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும் என்றும் அவர் கொடுத்த தாளில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். நகையும் வீட்டிலேயே இருக்கட்டும். வேலை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஏஜென்ட் தயாரித்த தாள். அதற்கு அமீரகத்தில் எந்த மதிப்பும் கிடையாது. அங்கே ஒரு தொழிலாளியின் சம்பளத்தையும் உரிமையையும் தீர்மானிப்பது, மனிதவள அமைச்சகத்தில் பதிவான ஆஃபர் லெட்டரும் அதன் அடிப்படையில் பதிவாகும் ஒப்பந்தமும்தான். அமைச்சகத்தை அங்கே ‘மொஹ்ரே’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆஃபர் லெட்டரை நிறுவனம் அமைச்சகத்தின் படிவத்தில்தான் தர வேண்டும். அரபியும் ஆங்கிலமும் தவிர, தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் அது இருக்க வேண்டும். அமைச்சகம் வைத்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. எனவே ஏஜென்டிடம் தயங்காமல் கேளுங்கள்: “அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரைத் தமிழோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.” அதில் உள்ள எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் இட்டு, உண்மையானதா என்று சரிபார்க்கலாம். தம்பி கையெழுத்திட்ட ஆஃபரில் உள்ள சலுகைகளைப் பின்னர் வரும் ஒப்பந்தத்தில் கூட்டலாம், குறைக்கக் கூடாது. போகும்போது அதன் பிரதி ஒன்றை அவர் எடுத்துச் செல்லட்டும், இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும்.

விசிட் விசா ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும். அந்த விசாவில் போனவர் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாறச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் வேலை அனுமதி கிடைக்கும் முன் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024இல் வந்த திருத்தத்தின்படி 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். தொழிலாளிக்கும் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டு. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பணம் கட்டியாகிவிட்டது, விசா நாட்கள் கரைகின்றன, ஊரில் வட்டி ஓடுகிறது. அந்த நேரத்தில் 1,600க்குப் பதில் 1,100 என்று எழுதிய தாளை நீட்டினால் எந்தப் பையனும் கையெழுத்துப் போட்டுவிடுவான். ஆஃபர் லெட்டர் ஊரில் இருக்கும்போதே கைக்கு வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். தம்பி விமானம் ஏறுவது வேலைக்கான நுழைவு அனுமதியில் இருக்கட்டும்.

இனி சம்பளம். அமீரகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று பொதுவான குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்படவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் எண்தான் எல்லாம். அந்த எண்ணிலும் நம்மவர்கள் மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 1,600இல் 900 அடிப்படை, மீதி 700 படிகள் என்று பிரித்திருப்பது தற்செயல் அல்ல. ஓவர்டைமும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சட்டம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு, அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கூலியோடு குறைந்தது 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை என்றால், ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது 50 சதவீதம். அடிப்படை 900 என்றால் 30 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 3.75 திர்ஹாம், ஓவர்டைமுக்கு சுமார் 4.70. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் செய்தால் சுமார் 244 திர்ஹாம் வரும். மொத்தம் அதே 1,600ஆக இருந்து அடிப்படை 1,400 என்று எழுதியிருந்தால், அதே உழைப்புக்கு சுமார் 379 கிடைக்கும்.

பணிக்கொடையும் இப்படித்தான். ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பின் ஆண்டுக்கு 30 நாள். நான்கு ஆண்டு வேலை பார்த்துத் திரும்பினால் 900க்கு 2,520 திர்ஹாம், 1,400க்கு 3,920. மொத்தச் சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் நிறுவனம் மறுக்கலாம். அடிப்படையைக் கூட்டிப் படிகளைக் குறைக்கச் சொல்வது பல சமயம் நடக்கக்கூடிய பேரம். 1,200க்காவது கேட்டுப் பாருங்கள். பதவியின் பெயரையும் பாருங்கள். ‘எலக்ட்ரீஷியன்’ என்று பேசிவிட்டு ‘ஹெல்பர்’ என்று எழுதுவது வழக்கமாக நடக்கிறது. பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அந்த ஒரு சொல் தம்பியின் அனுபவத்தையே அழித்துவிடும். தங்குமிடமும் போக்குவரத்தும் கம்பெனியுடையதா, படியாகத் தருகிறார்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்களை மிகவும் பயமுறுத்திய அந்த இரண்டு வரிகளுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவையும் விசா செலவையும் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதைத் தடை செய்கிறது. எனவே ‘விசா செலவைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி செல்லாது. பாஸ்போர்ட்டை நிறுவனம் பிடித்து வைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ‘பாதுகாப்புக்காக’ என்று இனிமையாகச் சொன்னாலும் தம்பி அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நினைத்தவுடன் கிளம்பவும் முடியாது. தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் ஊர் திரும்ப விரும்பினால் 14 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அமீரகத்திலேயே வேறு நிறுவனத்துக்கு மாறினால் ஒரு மாதம்; அப்போது பழைய நிறுவனத்தின் ஆள் எடுத்த செலவைப் புதிய நிறுவனம் ஈடுகட்ட வேண்டும், தம்பி அல்ல. சொல்லாமல் கொள்ளாமல் நாட்டை விட்டுப் போனால் ஓராண்டுக்கு அங்கே வேலை அனுமதி கிடைக்காது. தகுதிகாண் காலம் முடிந்த பிறகு, ஒப்பந்தத்தில் எழுதியபடி 30 முதல் 90 நாள் வரை நோட்டீஸ்.

ஏஜென்ட் கேட்கும் 90,000 ரூபாய்? இந்திய விதிகளின்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். மூன்று மடங்கு கேட்பவர் பெரும்பாலும் பதிவு இல்லாத சப் ஏஜென்டாக இருப்பார். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, அதே அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

“தம்பியின் பாஸ்போர்ட் இ.சி.என்.ஆர்., அதனால் ஒரு சிக்கலும் இல்லை” என்று அவர் சொல்லியிருப்பார். குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் என்று பொருள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்குத்தான் அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை. அப்போது அவர்களுடைய ஒப்பந்தம் அரசின் பார்வைக்குப் போகிறது. டிப்ளமோ படித்த தம்பிக்கு அந்தப் பரிசோதனை இல்லை. அவருடைய தாளை இங்கே எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை என்பதால், நீங்கள் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால், துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் இயங்கும் ‘பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா’ என்ற இந்தியர் உதவி மையத்துக்கு ஆஃபர் லெட்டரை அனுப்பி விசாரிக்கலாம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆட்களைத் தேர்வு செய்து அனுப்புகிறது; எலக்ட்ரீஷியன் அறிவிப்பு வருகிறதா என்று அங்கேயும் கேட்டு வையுங்கள்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பிறகு, சம்பளம் வங்கி அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாக ஊதியப் பாதுகாப்பு முறையில்தான் வர வேண்டும். கையில் ரொக்கமாகத் தந்து, கூடுதல் தொகைக்குக் கையெழுத்து கேட்டால் மறுக்கச் சொல்லுங்கள். ஓவர்டைம் செய்த தேதியையும் நேரத்தையும் தம்பி ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பாக்கி ஏதும் இருந்தால் மொஹ்ரே அமைச்சகத்தில் புகார் தரலாம். 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத வழக்கில் அமைச்சகமே தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்றிருக்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை உரிமை கோரலாம். வீட்டு வேலைக்காரர்களுக்கும், துபாய் சர்வதேச நிதி மையம் போன்ற பகுதிகளுக்கும் தனிச் சட்டம் இருப்பதால், ஆஃபர் லெட்டர் வந்ததும் நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.