முக்கோணங்களால் முகம்: லோ பாலி ஓவியம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் பழைய புகைப்படத்தை லோ பாலி முறையில், அதாவது கணினியில் ஒற்றை நிற முக்கோணங்களை அடுக்கி வரைந்தேன். முகம் பொம்மையைப் போல வந்துவிட்டது. எத்தனை முக்கோணங்கள் போட வேண்டும்?

எண்ணிக்கையில் கோளாறு இல்லை. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரே அளவு முக்கோணம் போட்டிருப்பீர்கள். கண், மூக்கு நுனி, உதட்டோரம் ஆகிய இடங்களில் பொடிப்பொடியாகவும், கன்னத்திலும் சேலையிலும் தாராளமாகப் பெரிதாகவும் போடுங்கள். வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் தொடங்குகிறதோ, அந்த எல்லையில்தான் முக்கோணத்தின் விளிம்பு விழ வேண்டும். எல்லை முக்கோணத்தின் நடுவே ஓடினால் நிறம் அழுக்காகிவிடும். சுருக்கங்களைக் கோடு கோடாகப் பின்தொடராதீர்கள். கன்ன எலும்பின் மேடு, அதன் கீழே பள்ளம் என்று பார்த்தால் வயது தானாக வந்துவிடும். மூக்குத்திக்கு நாலைந்து முக்கோணங்கள் போதும். அவற்றில் ஒன்று மட்டும் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கட்டும். நான் எப்போதும் கண்ணில்தான் தொடங்குவேன். கண் சரியாக அமையவில்லை என்றால் மீதியை வரைவது வீண் வேலை.

கேள்வி: நிறம் கொடுத்த பிறகு முக்கோணங்களுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. முக்கோணங்களின் முனைப் புள்ளிகள் சரியாகத்தான் ஒட்டியிருக்கின்றன.

உங்கள் மேல் பிழையில்லை. சாய்வான விளிம்பை மென்பொருள் மழுப்பிக் காட்டும்போது, ஒரே பிக்சலை இரண்டு முக்கோணங்களும் ஆளுக்குப் பாதி மூடுகின்றன. எஞ்சிய இடுக்கில் பின்னணி கசிகிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதன் நிறத்திலேயே 0.25 அல்லது 0.5 பாயின்ட் விளிம்புக்கோடு கொடுங்கள். மூலைக்கு வட்ட இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்; இல்லாவிட்டால் கூரான முனைகளில் முள் முளைக்கும்.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டர் என்ற ஓவிய மென்பொருளை வாங்க வசதியில்லை. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் போதுமா?

தாராளமாகப் போதும். நிறம் எடுப்பதில் அதுவே எனக்குப் பிடித்தது. நிறம் எடுக்கும் கருவியான ஐட்ராப்பரை அழுத்தி இழுத்து ஒரு வட்டம் போட்டால், அதற்குள் இருக்கும் நிறங்களின் சராசரியைத் தந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் அந்தக் கருவியை இருமுறை கிளிக் செய்து, மாதிரி அளவை 5×5 சராசரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றைப் பிக்சலில் எடுத்தால் பழைய படத்தின் புள்ளியும் கீறலும் கன்னத்து நிறமாகிவிடும்.

கேள்வி: தானாகவே முக்கோணமாக்கும் நிரல்கள் இருக்கும்போது கையால் ஏன் மெனக்கெட வேண்டும்?

அவற்றில் பலவும் டெலோனே முறையில் இயங்குபவை. போரிஸ் டெலோனே என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1934இல் வெளியிட்டது. எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக வட்டம் போட்டாலும், அதற்குள் வேறு புள்ளி அகப்படாதபடி இணைக்கும் முறை அது. ஊசி போன்ற ஒல்லி முக்கோணங்கள் இதனால் குறைகின்றன. மலைக்கும் வானத்துக்கும் அருமையாக இருக்கும். ஆனால் இமை எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது; கருவிழியில் பாதியையும் வெள்ளையில் பாதியையும் ஒரே முக்கோணத்தில் அடைத்துச் சாம்பல் பூசிவிடும். புள்ளிகளை நீங்களே வைக்க விடும் நிரல் என்றால், இணைக்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கலாம்.

கேள்வி: முகத்தின் ஒரு பாதியை வரைந்து, மறுபாதிக்கு அப்படியே புரட்டிப் போடலாமா?

நேராகப் பார்க்கும் புலி முகம் போன்றவற்றுக்குச் செய்யலாம், அதுவும் கோடுகளை மட்டும். நிறத்தை இரு பக்கமும் தனித்தனியே எடுங்கள். பாட்டிக்கு வேண்டாம். மூக்குத்தி இரண்டாகிவிடும்.