மூலிகைச் சாறு ஆய்வில் வேலை செய்தும் ஏன் மாத்திரையாக வருவதில்லை?

கேள்வி: "ஆவரசு, சிறுகுறிஞ்சா என்று எங்கள் ஊர் மூலிகைச் சாறுகள் சீனி வருத்தத்துக்கு வேலை செய்வதாக அடிக்கடி ஆய்வு வருகிறது. பிறகேன் மாத்திரை வரவில்லை? கம்பனிகள் அமுக்குகின்றனவா?"

வீட்டில் யாருக்கோ சீனி கூடியிருக்கிறது, யாரோ வாட்சப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கம்பனிக்காரர் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வேலையைக் கையால் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அமுக்குவதற்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.

படித்து முடித்த கையோடு ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். தீவுப் பக்கம் வெட்டி வந்த ஆவரசம் பட்டையை நிழலில் காயவைத்து, இடித்து, மெதனோலில் ஊறப்போட்டு, வடித்து வற்றவைத்தால் கறுப்பாக ஒரு பாகு மிஞ்சும். கரண்டியில் ஒட்டினால் லேசில் விடாது. கட்டுரைகளில் "சாறு" என்று வருவது இதுதான். மாப்பொருளை உடைத்துச் சீனியாக்கும் நொதியோடு அதைச் சேர்த்துப் பார்த்தோம். நொதி படுத்துவிட்டது. பொறுப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை, கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு நெருடல். ஆவரசம் பட்டை தோல் பதனிடப் பாவித்த பட்டை, தனின் என்ற துவர்ப்புப் பொருள் அவ்வளவு அதில். கண்ட புரதத்திலெல்லாம் தனின் ஒட்டும், நொதியும் புரதம்தானே. சாற்றில் கொஞ்சத்தை ஜெலற்றின் என்ற புரதத்தின் கரைசலில் விட்டேன். உடனே திரைந்து கலங்கியது. பிறகு தனினைப் பிடித்தெடுக்கும் தூளைப் போட்டு வடித்து, மறுபடி நொதியோடு சேர்த்தேன். நொதி ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்தது. குழாயில் நொதி தனியாக நிற்கிறது. வயிற்றிலோ பருப்பும் மீனும் கொண்டுவரும் புரதம் கிடக்கிறது, தனின் அதிலும் போய் ஒட்டும். இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில், "உமக்கேன் இந்த வேலை?" தனின் எடுக்காத முடிவுதான் கட்டுரையாகப் போனது. என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

உடனே சித்த வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். என் அம்மம்மாவே ஆவரசம்பூ அவித்துக் குடித்தவர். வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுக்கும் கசாயம் வேறு, குழாயில் ஒரு நொதியைத் தடுத்ததை வைத்து "மருந்து கண்டுபிடிப்பு" என்று எழுதுவது வேறு.

உள்ளே சரக்கு இருந்தால் அது வெளியே வராமலும் இல்லை. எங்கள் முற்றத்துப் பட்டிப்பூவை, அதாவது நித்தியகல்யாணியை, 1950களில் கனடாவில் சீனி வருத்தத்துக்கென்றுதான் சோதித்தார்கள். சீனி குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியால் ஏற்றிய எலிகளின் வெள்ளைக் குருதிக்கலங்கள் குறைந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து பின்னால் வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் எடுக்கக் காய்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ தேவை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சிங்களப் பகுதிகளில் சீனி வருத்தத்துக்குக் குவளை கடைந்து நீர் ஊற்றிக் குடிக்கும் கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியிலிருந்து, சீனியாக்கும் நொதியைத் தடுக்கும் சலசினோலைப் பிரித்து 1997இல் அறிவித்தவர்கள் ஜப்பான்காரர். எதிலே வேலை இருக்கிறது என்று பிரித்துப் பிரித்துப் போகும் அந்தப் பொறுமைக்கு இங்கே காசும் இல்லை, பதவி உயர்வில் புள்ளியும் இல்லை. கட்டுரை எண்ணிக்கைக்குத்தான் மரியாதை.

இன்னொரு எரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காசு வந்ததும் கிளுவை வேலியைப் பிடுங்கி மதில் கட்டுகிறார்கள். முடக்கொத்தானும் மொசுமொசுக்கையும் படர்ந்தது அந்த வேலியில்தான். பிறகு அதே ஆட்கள் "நம்மட மூலிகை" என்று முகநூலில் உருகுகிறார்கள்.

சரி, நீங்கள் பார்த்த ஆய்வின் இணைப்பைக் கீழே போடுங்கள். தனினை எடுத்த பிறகும் சோதித்தார்களா, எவ்வளவு செறிவில் சோதித்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் வீட்டில் யாருடைய சீனி மாத்திரையையும், மெற்போமினையும் நிறுத்த வேண்டாம்.