நிலத்தடி அறைச் சுவரில் நீர் கசிகிறது. உட்புறம் நீர்த்தடுப்புப் பூச்சு பூசினால் போதுமா?

மழை பெய்த மறுநாள் நிலத்தடி அறையின் சுவரடியில் நீர் கசிவதாகவும், உட்புறம் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு பூசினால் அது நின்றுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூச்சு மட்டும் போதாது என்பதே என் பதில். சுவருக்கு வெளியே மண்ணில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அதன் அடிமட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ ஒரு டன் எடைக்கு நிகரான அழுத்தம் விழுகிறது. வெளிப்புறம் பூசிய பூச்சை அந்த அழுத்தம் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. உட்புறம் பூசியதையோ சுவரிலிருந்து பிய்த்துத் தள்ளுகிறது. உட்பூச்சு சில மழைகளுக்குப் பிறகு கொப்புளம் போல உப்பி உதிர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பூச்சின் தரம் அடுத்தபடிதான்.

எனவே, நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அரை மீட்டர் அகல நீளமுள்ள பிளாஸ்டிக் தாளை ஈரச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் அடைத்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் தாளின் மீது துளிகள் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரப்பதம் குளிர்ந்த சுவரில் படிவது. தாளுக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் இருந்தால் அது சுவர் வழியாக வரும் ஓதம். முன்னதற்குக் காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் கருவியும் போதுமானவை. (புழுக்கமான நாளில் சன்னலைத் திறந்துவைப்பது அதை அதிகமாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.) மழையில்லாத நாளிலும் கசிவு நீடித்தால் குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும், எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால், குடிநீர்க் குழாயில் எங்கோ உடைப்பு இருக்கிறது. கழிவுநீர்க் குழாயின் உடைப்பை மீட்டர் காட்டாது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மழையை ஒட்டியே கசிவதால், நான் வீட்டுக்கு வெளியிலிருந்தே தொடங்குவேன். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே நீரைக் கொட்டுகிறதா என்று பாருங்கள்; அப்படியானால் அதைச் சுவரிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளிக்கொண்டுபோய் விட வேண்டும். சுவரை ஒட்டிய நிலம் வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று மீட்டரில் 15 சென்டிமீட்டர் வாட்டம் இருப்பது நல்லது. கட்டடம் எழுப்பியபோது அடித்தளத்தைச் சுற்றி நிரப்பிய மண் காலப்போக்கில் அமுங்குவதால், தொடக்கத்தில் சரியாக இருந்த வாட்டம் பல வீடுகளில் பின்னர் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. சுவரோரப் பூச்செடிப் பாத்திகளும் நீரைத் தேக்கிவைக்கும். இவற்றைச் சரிசெய்ய அதிகச் செலவாகாது என்பதாலோ என்னவோ, பலர் இவற்றை ஒரு வேலையாகவே கருதுவதில்லை.

அதன் பிறகும் நீர் வந்தால் விரிசல்களைப் பாருங்கள். நீர் வழிந்துகொண்டிருக்கும்போதே அடைக்க, சில நிமிடங்களில் இறுகும் விரைவு சிமெண்ட் கலவை பயன்படும். விரிசலை உளியால் கொத்தி, வாய் குறுகியும் உள்ளே அகன்றும் இருக்குமாறு பள்ளமாக்கி நிரப்பினால்தான் அது பிடித்து நிற்கும். கான்கிரீட் சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவிய விரிசலுக்கு ஊசி முறையில் பாலியூரித்தேன் செலுத்துவது பொருத்தமானது, ஏனெனில் அது நீரோடு வினைபுரிந்து நுரைத்து இடத்தை நிரப்புகிறது. காய்ந்த விரிசலை வலிமையோடு இணைக்க எப்பாக்ஸி ஏற்றது. ஆனால் விரிசல் கிடைமட்டமாக ஓடினாலோ, சுவர் உட்புறம் பிதுங்கியிருந்தாலோ, அதை அடைக்க முயலாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அங்கே மண்ணின் அழுத்தத்தால் சுவரே நகர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

உட்பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் இதுதான். கான்கிரீட் சுவராக இருந்தால் படிகமாகும் வகைப் பூச்சைத் தேர்ந்தெடுங்கள். அது மேலே படலமாக நிற்காமல், கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் படிகங்களாக வளர்ந்து அவற்றை அடைப்பதால், உள்ளிருந்து பூசினாலும் தாக்குப்பிடிக்கிறது. பழைய பெயிண்டையும் வெண்மையாகப் பூத்திருக்கும் உப்பையும் கம்பி பிரஷ்ஷால் முழுமையாக நீக்கி, சுவரை நனைத்த பிறகே அதைப் பூச வேண்டும்.

சுவரும் தரையும் சேரும் மூலையில், அல்லது தரையின் நடுவிலிருந்தே நீர் ஊறினால், நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு மேல் உயர்கிறது என்று பொருள். அந்த நீரை அடைத்து நிறுத்த முயல்வதைவிட, வழிவிட்டு வெளியேற்றுவதே சரி என்பது என் கருத்து. தரையின் ஓரமாகக் கால்வாய் வெட்டி, ஜல்லிக்கு நடுவே துளையிட்ட குழாயைப் பதித்து, அதை ஒரு குழியில் சேர்த்து, தானியங்கி பம்பால் வெளியேற்றலாம். கனமழையின்போதுதான் மின்சாரமும் போகும் என்பதால் பம்புக்குப் பேட்டரி தேவை. இறைத்த நீர் குழிக்கே திரும்பாதபடி ஒருவழி வால்வும் தேவை. வெளியேற்றும் குழாயைச் சுவரிலிருந்து நன்கு தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். இல்லையென்றால் பம்ப் ஒரே நீரையே சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும்.