அப்பாவின் கைப் படம்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

உங்கள் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு விஷயம் கேட்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கைக்குக் கீழே ஒரு புண் வந்தது. நோவும் இல்லை, அரிப்பும் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் ஆறவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி இளம் டொக்டர் போனில் படம் எடுத்து, "பெரிய டொக்டரிட்டக் காட்டிக் கேக்கிறன் ஐயா" என்றார். மணல் ஈ கடித்து வரும் நோய் என்று தெரிந்தது. ஊசி தொடங்கினார்கள், புண்ணும் வற்றத் தொடங்கியது. போன மாதம் லண்டனில் இருக்கும் மச்சாள் அதே படத்தை எனக்கு அனுப்பி, "இது மாமான்ர கைதானே?" என்று கேட்டாள். கீழே வயது, ஊர்ப் பெயர், 2009இல் ஷெல் காயம் பட்டவர் என்பது வரை இருந்தது. பெயர் மட்டும் இல்லை. அப்பா "விடு பிள்ளை" என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. இப்படிப் படம் எடுக்க விடுவதே பிழையா?

வன்னியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். கடிதத்தைப் போடலாமா என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லி எழுதியதற்கு, "ஊரைச் சொல்லாமல் போடச் சொல்லு" என்றாராம். நான் சொல்ல வேண்டியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளில் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படம் எடுக்க விட்டது பிழையே இல்லை.

இந்த நோயையே எடுங்கள். லீஷ்மேனியாசிஸ் என்ற இந்த மணல் ஈ நோய் இலங்கைக்குள்ளேயே தொற்றியதாக முதலில் பதிவானது 1992இல்தான். பிகார் பக்கம் மண்ணீரலை வீங்க வைத்து ஆளையே கொல்லும் காலா அசாரை உண்டாக்குவதும் இதே கிருமி இனம்தான். இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வருகிற டொக்டருக்கு இது எப்படிப் பிடிபடும்? பார்த்துப் பழகிய கண் வேண்டும். நோவில்லாத புண்தானே என்று எண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு வருடக்கணக்கில் திரிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். படம் ஒரு தோல் நிபுணரின் கண்ணில் பட்டால், புண்ணின் விளிம்பைச் சுரண்டிக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பாருங்கள் என்று அவர் அங்கிருந்தே சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும், அன்றைய கூலியும் போய்விடும்.

பாம்புக்கடி இன்னும் அவசரம். முன்பெல்லாம் கடித்த பாம்பை அடித்து, சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வெளிநோயாளர் பிரிவு வாசலில் நிற்பார்கள். தலை நசுங்கியிருக்கும், எது எதுவென்றே தெரியாது. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும்தான் செய்தது. சிங்களவர் குனகட்டுவா என்று சொல்லும் கூன்மூக்கு விரியனுக்கு அது கேட்காது. ஏற்றினால் ஒவ்வாமை வரும் ஆபத்துதான் மிச்சம். விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டதா என்று அறியக் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு, 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், பாம்பின் படத்தை அனுப்பி "இது எது?" என்று கேட்க முடிவது பெரிய உதவி. பாம்பிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

மனிதரிடம் கேட்க வேண்டும். அப்பா சம்மதித்தது தன் புண்ணுக்கு மருந்து தேடுவதற்கு. மற்ற டொக்டர்மார் படிக்கட்டும் என்று அதே படத்தைப் போடுவது வேறு காரியம், அதற்குத் திரும்பவும் கேட்டிருக்க வேண்டும். படிப்பதற்குப் போடுவதும் நல்லதுதான். நம் நாட்டு மருத்துவ சஞ்சிகையான சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது. ஒருவர் கண்டதை மற்றவருக்கு எழுதித்தானே நம் நாட்டு நோய்களை நம் டொக்டர்மார் படித்தார்கள். ஆனால் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் போன்ற சஞ்சிகை, நோயாளியின் கையெழுத்துள்ள சம்மதப் படிவத்தைக் கேட்கும். ஒரு நோயாளியின் கதையைச் சஞ்சிகைக்கு எப்படி எழுதுவது என்று 2013இல் வந்த கேர் (CARE) வழிகாட்டி, நோயாளி தன் வருத்தத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதையும் சேர்க்கச் சொல்கிறது. டொக்டர்மார் படம் போடுகிற வட்ஸ்அப் குழுவில் படிவம் ஏது? படம் விழுந்த கையோடு அவரவர் போன் கலரியில் இறங்கிவிடும், பிள்ளைகள் கேம் விளையாடுகிற அதே போனில்.

பெயரைப் போடவில்லையே என்பார்கள். கொழும்பில் அது போதுமாக இருக்கலாம். வன்னியில் காயம்தான் ஆளின் அடையாள அட்டை. எந்தக் கை, எந்த வருடம், எந்த இடத்தில் பட்டது என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் ஆளைச் சொல்லிவிடுவார்கள். எக்ஸ்ரேயில் ஷெல் துண்டு வெள்ளையாகத் தெரியும். வந்திருப்பது வெறும் இருமலாக இருக்கும், ஆட்கள் கதைப்பது அந்தத் துண்டைப் பற்றித்தான். இவர் அப்போது எங்கே நின்றவர் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து கிளினிக்கில் தழும்பைக் காட்டவே தயங்கியவர்களை எனக்குத் தெரியும். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டி போட்டால் ஆள் மறையாது என்று மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்காக இடத்தை முழுக்க அழித்தால் பாடமும் போய்விடும். வயலில் இறங்குகிறவர் என்று தெரியாவிட்டால் எலிக்காய்ச்சலோ, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸோ நினைவுக்கு வராது. சலரோகமுள்ள விவசாயியின் நெஞ்சுப் படத்தில் தெரியும் மெலியோய்டோசிஸைக் காசநோய் என்று நினைத்துவிட நல்ல இடமுண்டு. "வடக்கு உலர் வலயம், நெல் விவசாயி, ஐம்பதுகளில்" என்றால் படிக்கிறவருக்குப் போதும். அப்பாவின் புண்ணுக்கு ஊர்ப் பெயர் எதற்கு, ஷெல் எதற்கு? தழும்பு தெரிகிற பாதியை வெட்டியிருந்தால் மச்சாளுக்கும் கை பிடிபட்டிராது.

இன்னொன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் நின்ற டொக்டர்மார் காயப்பட்டவர்களின் நிலையை வெளியே சொன்னார்கள், பிறகு தடுத்தும் வைக்கப்பட்டார்கள். அன்று படங்கள் வெளியே போனதுதான் சாட்சி. அந்த நினைவில், வெளியே போகிற படமெல்லாம் நல்லதுக்கே என்று எங்களில் பலருக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். ஈ கடித்த புண்ணுக்கு அந்த நியாயம் செல்லாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். முதல் வேலை அப்பாவின் ஊசி, அதை இடையில் விடக்கூடாது. அவருக்குக் கூச்சமாக இருந்தால் நீங்கள் முன்னே போய் டொக்டரிடம் படத்தைக் காட்டுங்கள். எங்கே போட்டார், அழிக்க முடியுமா என்று கேளுங்கள். அனேகமாக மனிசன் பதறிப்போவார். கவனிக்காவிட்டால் ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். மச்சாளுக்கு அதை யார் அனுப்பினார்கள் என்றும் விசாரித்து வையுங்கள், டொக்டர் கேட்பார். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். எத்தனை ஊசி தவறியது என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.